வாடகைக்கு ஓர் அப்பா

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க என்னென்ன வேண்டும்? பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நன்கொடை என்று நாம் மரியாதையாகப் பெயர் வைத்திருக்கும் ஒரு தொகை. மேற்கு வங்காளத்தின் வடகோடியில், கூச் பிஹார் மாவட்டத்தில், சில ஊர்க்காரர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் தேவைப்பட்டது. ஓர் அப்பா.

சொந்த அப்பா இருக்கிறார். திடகாத்திரமாகவே இருக்கிறார். அதோ, வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் பெயரை எழுதினால் அட்மிஷன் கிடையாது. எனவே நாலு வயல் தள்ளி அடுத்த கிராமத்துக்காரரிடம் போய், "அண்ணே, என் பையனுக்கு அப்பான்னு உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். நல்ல மனசுக்காரர் சும்மா தருவார். மற்றவர்கள் காசுக்குத் தருவார்கள். பிரசவத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி போகிற பெண்ணுக்கும் இதே கதைதான். அவள் ஒரு புருஷன் பெயரை இரவல் வாங்க வேண்டும்.

கற்பனை இல்லை. 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை நடந்த நிஜம்.

காரணம் ரொம்ப எளிமையானது. ரொம்பக் கிறுக்குத்தனமானதும்கூட. அந்த ஊர்கள் இந்தியாவுக்குள் இருந்தன, ஆனால் இந்தியாவைச் சேர்ந்தவை அல்ல. நாலாபக்கமும் இந்தியா, நடுவில் அந்த ஒரு கிராமம் மட்டும் பங்களாதேஷ். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் இதையே திருப்பிப் போட்ட மாதிரி: நாலாபக்கமும் பங்களாதேஷ், நடுவில் ஒரு துண்டு இந்தியா. இந்தத் துண்டுகளுக்கு வங்காளத்தில் சிட்மஹால் என்று பெயர். பழைய வரைபடத்தைப் பார்த்தால் வெள்ளை வேட்டியில் யாரோ பேனாவை உதறிய மாதிரி இருக்கும்.

பங்களாதேஷுக்குள் இந்தியத் துண்டுகள் 111. இந்தியாவுக்குள் பங்களாதேஷ் துண்டுகள் 51. எல்லாம் சேர்த்து சுமார் 24,000 ஏக்கர். 2011-ல் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து போய்த் தலை எண்ணியபோது ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள்.

கூத்தின் உச்சம் தஹலா கக்ராபாரி என்கிற இடம். இரண்டு ஏக்கர்கூட இல்லாத ஒரு சணல் வயல். அது இந்தியா. அதைச் சுற்றியிருந்த கிராமம் பங்களாதேஷ். அந்தக் கிராமத்தைச் சுற்றி மறுபடி இந்தியா. அதைச் சுற்றி மறுபடி பங்களாதேஷ். மூச்சு வாங்குகிறதா? உலகத்திலேயே இப்படி மூன்று அடுக்கு இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். வயலின் சொந்தக்காரர் பங்களாதேஷ்காரர். காலையில் கலப்பையோடு கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் சர்வதேச எல்லையை எத்தனை முறை மிதித்திருப்பார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எப்படி வந்தது இது? கூச் பிஹார் மகாராஜாவும் ரங்பூர் நவாப்பும் சதுரங்கம் ஆடினார்கள், பந்தயமாக கிராமங்களை வைத்தார்கள், ஜெயித்ததும் தோற்றதும்தான் இந்தத் துண்டுகள் என்று அங்கே ஒரு கதை உண்டு. நல்ல கதை. ஆனால் கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயர்களுக்கும் கூச் பிஹாருக்கும் சண்டை நடந்து சமாதானம் ஆனபோது, யார் யார் கையில் எந்தெந்தக் கிராமம் இருந்ததோ அது அப்படியே விடப்பட்டது. அந்தக் காலத்தில் அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. வரி எந்த ஜமீனுக்குப் போகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். பாஸ்போர்ட் கிடையாது, வேலி கிடையாது, எல்லைக் காவல் படை கிடையாது.

1947-ல் ராட்க்ளிஃப் கோடு கிழித்தாரே, அவர் கிழித்தது பிரிட்டிஷ் வங்காளத்துக்கு. கூச் பிஹார் சமஸ்தானம் அவர் கணக்கில் வரவில்லை. 1949-ல் அது இந்தியாவோடு சேர்ந்தது. ராஜா தன்னுடைய எல்லாத் துண்டுகளையும் சீர்வரிசையாகக் கொண்டுவந்துவிட்டார். அவ்வளவுதான். முன்பு இரண்டு ஜமீனுக்கு வரி கட்டியவர்கள் ஒரே ராத்திரியில் இரண்டு விரோத தேசங்களின் குடிமக்கள் ஆகிவிட்டார்கள்.

1952-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் பாஸ்போர்ட், விசா முறையைக் கொண்டுவந்தன. இப்போது ஒரு சிட்மஹால்காரரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டிலிருந்து வெளியே கால் வைத்தால் வெளிநாடு. போக விசா வேண்டும். விசா வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். நகரத்துக்குப் போக வெளிநாட்டைக் கடக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். சட்டத்தை மதிக்க ஆசைப்பட்டால், முதலில் அதை மீறியாக வேண்டும்.

வரைபடம்தான் குற்றவாளி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே மாதிரி கிறுக்கு வரைபடம் ஐரோப்பாவிலும் இருக்கிறது. நெதர்லாந்துக்குள் பார்லே என்று ஓர் ஊர். அதற்குள் பெல்ஜியத்தின் துண்டுகள் 22. அந்தத் துண்டுகளுக்குள் மறுபடி நெதர்லாந்தின் துண்டுகள். எல்லைக்கோடு வீடுகளின் குறுக்கே, ஹோட்டல் மேஜைகளின் குறுக்கே போகிறது. வீட்டின் வாசற்கதவு எந்த நாட்டுப் பக்கம் இருக்கிறதோ அந்த நாட்டு முகவரி என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டு நகராட்சி, ஒரே நூலகம். டூரிஸ்ட்டுகள் ஒரு காலை பெல்ஜியத்திலும் மறு காலை ஹாலந்திலும் வைத்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே யாருக்கும் வாடகை அப்பா தேவைப்படவில்லை. கோடு ஒன்றுதான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற அரசாங்கங்கள்தான் வேறு.

கூச் பிஹாரில் இரண்டு பக்கமும் யார் இருந்தார்கள்? வரைபடத்தில் சொந்தம் கொண்டாடுகிற இரண்டு பேர். துண்டு இந்தியா என்றால், இந்திய அதிகாரி அங்கே போக பங்களாதேஷின் அனுமதி வேண்டும். எனவே போக மாட்டார். பங்களாதேஷ் அதிகாரிக்கு அது வெளிநாடு. எனவே அவரும் வர மாட்டார். ஸ்கூல் இல்லை. கரண்ட் இல்லை. தலைக்கு மேலே மின்கம்பி போகும், பல்பு எரியாது. ரேஷன் இல்லை, ஓட்டு இல்லை, போலீஸ் இல்லை. நிலம் வாங்கினால் பதிவு செய்ய ஆபீஸ் இல்லை, வெறும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாடு திருடு போனால் புகார் கொடுக்க இடமில்லை. பக்கத்து ஊர் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், 'நீ எப்படி எல்லை தாண்டி வந்தாய்?' என்று சொன்னவரைப் பிடித்து உள்ளே வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. திருடனுக்கு அந்தக் கவலை இல்லை. சில துண்டுகளில் கஞ்சா அமோகமாக விளைந்தது. பிடிக்க ஆளில்லாத பூமியில் வேறென்ன விளையும்?

நம்மிடையே இரண்டு கோஷ்டி உண்டு. ஒரு கோஷ்டிக்கு தேசம் என்றால் சிலிர்ப்பு. கொடி, கீதம், எல்லைக்கோடு, ஓர் அங்குலம்கூட விடமாட்டோம். இன்னொரு கோஷ்டி நேர் எதிர். எல்லைகள் எல்லாமே பொய், பறவைக்கு ஏது பாஸ்போர்ட், அரசு என்பதே ஒடுக்குமுறை என்று கவிதை எழுதுவார்கள். முதல் கோஷ்டி டி.வி.யில், இரண்டாவது கோஷ்டி சிறுபத்திரிகையில். இரண்டு பேரையும் ஒரு மாசம் சிட்மஹாலில் குடி வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் கோஷ்டி சொல்கிற தேசம் அங்கே நூற்றுக்கு நூறு இருந்தது. இறையாண்மையில் ஒரு குறையும் இல்லை. வரைபடத்தில் வண்ணம் சரியாகத்தான் அடித்திருந்தார்கள். அந்த இறையாண்மையால் ஒரு குழந்தைக்கு ஒரு போலியோ சொட்டு போட முடிந்ததா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது கோஷ்டியின் கனவும் அங்கே பலித்திருந்தது. அரசு இல்லாத பூமி. வரி கிடையாது. அதிகாரி தொல்லை கிடையாது. லஞ்சம் வாங்கக்கூட ஆள் கிடையாது. அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. சில பெரிய துண்டுகளில் தாங்களே ஒரு கவுன்சில் அமைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, வாய்க்கால் தகராறைத் தீர்த்து, நிலப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, ஒரு மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் கொலை செய்தவன் பத்தடி நடந்து அடுத்த தேசத்துக்குப் போய்விட்டால் அந்தக் கவுன்சில் என்ன செய்யும்? இவர்கள் நடத்திய போராட்டங்களில் கேட்டது எல்லை இல்லாத உலகம் இல்லை. ஏதோ ஓர் எல்லைக்குள் எங்களைப் போடு என்று கேட்டார்கள். எங்களுக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வேண்டும், ஒரு தாசில்தார் வேண்டும் என்று மனு எழுதிய மனிதர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நாம் எல்லாம் தாசில்தாரிடமிருந்து தப்பிக்க மனு எழுதுகிறவர்கள்.

வில்லெம் வான் ஷெண்டல் என்கிற டச்சு வரலாற்றாசிரியரும் பிரெண்டன் வைட் என்கிற ஆய்வாளரும் 2002 வாக்கில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதாவது ஹாலந்துக்காரருக்கும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிந்திருந்தது. டில்லிக்குத் தெரியாதா? தெரியும். 1958-லேயே நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் உட்கார்ந்து, துண்டுகளை மாற்றிக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதோடு பேரூபாரி என்கிற பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது என்றும். மேற்கு வங்காளம் கொதித்தது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும், சாதாரண ஒப்பந்தம் போதாது என்று 1960-ல் கோர்ட் சொன்னது.

இந்தப் பேரூபாரி என்கிற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கச்சத்தீவு பற்றி நம் ஊரில் யார் வழக்குப் போட்டாலும், யார் மேடையில் பேசினாலும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அதுதான். பேரூபாரிக்கு வேண்டியிருந்த சட்டத்திருத்தம் கச்சத்தீவுக்கு ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்றே தீர்மானமாகாமல் இருந்தது, எனவே 'கொடுத்தோம்' என்ற பேச்சே இல்லை, எல்லையைத்தான் வரைந்தோம் என்பது மத்திய அரசின் பதில்.

1974-ஆம் வருடம் இந்த விஷயத்தில் ஒரு விசேஷமான வருடம். இந்திரா காந்தி அந்த வருடம் பக்கத்து நாடுகளோடு மூன்று ஒப்பந்தம் போட்டார். ஜனவரியில் சிறிமாவோவோடு, மலையகத் தமிழர்களில் முடிவாகாமல் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி. மே மாதம் முஜிபுர் ரஹ்மானோடு, சிட்மஹால் பற்றி. ஜூன் மாதம் மறுபடி சிறிமாவோவோடு, கச்சத்தீவு பற்றி. தீவு 285 ஏக்கர், உடனே கை மாறியது. சிட்மஹால் 24,000 ஏக்கர், 41 வருடம் மாறவில்லை. தீவில் குடியிருப்பு கிடையாது, துண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. ஆள் இல்லாத இடத்துக்கு அவசரம், ஆள் இருக்கிற இடத்துக்கு நிதானம்!

மலையகத் தமிழர் கதை இதைவிட மோசம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட கணக்கு: மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்தது 1974 ஜனவரியில். ஆளுக்குப் பாதி, 75,000, 75,000. முதலில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, அப்புறம் அதில் மனிதர்களை நிரப்புவது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நெல் மூட்டையை இப்படிப் பிரிப்பார்கள். மூட்டைக்கு அக்கா தங்கை கிடையாது. இந்த மனிதர்களுக்கு இருந்தார்கள். அக்கா நீலகிரியில், தங்கை நுவரெலியாவில் என்று குடும்பங்கள் பிரிந்தன. அங்கே 'இந்தியாக்காரன்' என்று சொல்லப்பட்டவர்கள் கூடலூர், கோத்தகிரிக்கு வந்து 'சிலோன்காரன்' ஆனார்கள். அங்கேயே தங்கி எந்தக் குடியுரிமையும் இல்லாமல் மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கை சட்டம் போட்டுக் குடியுரிமை தந்தது 2003-ல்.

சிட்மஹாலுக்கு வருவோம். 1974 ஒப்பந்தத்தை பங்களாதேஷ் அந்த வருடமே தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டது. பேரூபாரி மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு இந்தியா தரவேண்டியது தீன் பிகா என்கிற ஒரு சின்னப் பாதை. 178 மீட்டருக்கு 85 மீட்டர். தஹக்ராம் என்கிற பெரிய துண்டிலிருந்து பங்களாதேஷ் மக்கள் தங்கள் நாட்டுக்கு நடந்து போவதற்கு. அந்தப் பாதை திறந்தது 1992-ல். அதுவும் பகலில் மட்டும், ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். நாள் முழுக்கத் திறந்தது 2011-ல். ராத்திரியில் யாருக்கும் நெஞ்சு வலிக்கக் கூடாது என்பது இந்த இடைப்பட்ட காலத்தின் சட்டம்.

இந்தியாவின் சட்டத்திருத்தம் மட்டும் ஏன் அத்தனை தாமதம்? கணக்கு உதைத்தது. மாற்றிக்கொண்டால் பங்களாதேஷுக்குப் போவது 17,160 ஏக்கர், நமக்கு வருவது 7,110 ஏக்கர். ஆக இந்தியாவுக்குப் பத்தாயிரம் ஏக்கர் 'நஷ்டம்'. விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய சென்னை மாநகராட்சியில் கால்வாசிகூட வராது. நம் அதிகாரி ஒருவர்கூடக் கால் வைக்க முடியாத நிலம். ஆனால் மேடையில் 'இந்திய மண்' என்று சொல்லும்போது அது இமயமலை அளவுக்கு உயர்ந்துவிடும். எந்த அரசாங்கம் அதைத் தொடும்? காங்கிரஸ் பல தடவை ஆட்சியில் இருந்தும் தொடவில்லை. ஒருவழியாக 2013 டிசம்பரில் மாநிலங்களவையில் மசோதாவைக் கொண்டுவந்தபோது பா.ஜ.க., திரிணமூல், அசாம் கண பரிஷத் எல்லோரும் எதிர்த்தார்கள். 2015 மே மாதம் பா.ஜ.க. ஆட்சியில் அதே மசோதா இரண்டு அவைகளிலும் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஓர் ஓட்டுகூட இல்லை. அதே ஏக்கர், அதே கணக்கு. பார்க்கிற நாற்காலி மட்டும் மாறியிருந்தது. இதைக் கிண்டல் செய்யலாம். ஆனால் 41 வருடம் கழித்தாவது செய்தார்களே என்று ஒரு கும்பிடு போடவும் எனக்குத் தோன்றுகிறது. 'ஓர் அங்குலம்கூட' என்று பேசிப் பழகிய வாயால் பத்தாயிரம் ஏக்கரை விடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சண்டையில்லாமல், ஒரு தோட்டா வெடிக்காமல், இரண்டு நாடுகள் மண்ணை மாற்றிக்கொண்டது நம் துணைக்கண்டத்தில் அபூர்வம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2015 ஜூலையில் நடந்தது. இரண்டு நாட்டு அலுவலர்களும் சேர்ந்து சிட்மஹால்களில் வீடு வீடாகப் போனார்கள். "உங்களுக்கு எந்த நாடு வேண்டும்?" என்று கேட்டார்கள். மண் போகிற நாட்டோடு நீங்களும் போகலாம், அல்லது உங்கள் பழைய நாட்டுக்குக் குடிபெயரலாம். உங்கள் இஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். நம்மில் யாரையாவது, வாழ்நாளில் ஒரு தடவையாவது, எந்த நாடு வேண்டும் என்று வாசலில் வந்து யாராவது கேட்டிருக்கிறார்களா? பிறந்தோம், இந்தியர் ஆனோம். அந்த ஐம்பதாயிரம் பேரைக் கேட்டார்கள். மலையகத்தில் முதலில் எண்ணிக்கை, பிறகு ஆள். இங்கே முதலில் ஆள், பிறகு எண்ணிக்கை.

பதில் என்ன தெரியுமா? பங்களாதேஷுக்குள் இருந்த இந்தியத் துண்டுகளில் 37,000 பேருக்கு மேல். அறுபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் காகிதத்தில் இந்தியர்கள். அவர்களில் இந்தியாவுக்கு வருகிறேன் என்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியாவுக்குள் இருந்த பங்களாதேஷ் துண்டுகளில் 14,000 பேருக்கு மேல். பெரும்பாலும் முஸ்லிம்கள். பங்களாதேஷுக்குப் போகிறேன் என்றவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

இதை வைத்துக்கொண்டு இந்தியா ஜெயித்தது என்று குதிக்க வேண்டாம். 37,000 பேர் இந்தியாவை வேண்டாம் என்றதாகவும் அழ வேண்டாம். அவர்கள் தேர்ந்தெடுத்தது கொடியை இல்லை. தன் வயல், தன் சந்தை, பெண் கொடுத்த ஊர், தாத்தாவைப் புதைத்த இடம். அந்த மண் எங்கே இருக்கிறதோ அங்கே ஓர் அரசாங்கம் வந்து கதவைத் தட்டினால் போதும் என்றார்கள். மதத்தை வைத்தும் மொழியை வைத்தும் தேசத்துக்கு இலக்கணம் எழுதுகிற பேராசிரியர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

தட்டினார்களா? பங்களாதேஷ் பக்கம் வேகமாகத் தட்டினார்கள். குரிகிராம் மாவட்டத்தில் தாசியார் சொரா என்கிற பெரிய துண்டுக்கு அந்த அக்டோபரிலேயே பிரதமர் ஹசீனா வந்து மின்சாரத்தைத் தொடங்கிவைத்தார். பிற்பாடு அதே ஹசீனாவின் ஆட்சி நாட்டின் மற்ற இடங்களில் எப்படி நடந்தது, 2024 ஆகஸ்டில் எப்படி முடிந்தது என்பது வேறு கதை. பல்பு எரிந்தது நிஜம். இந்தியப் பக்கம் 2016 சட்டமன்றத் தேர்தலில் முதல் ஓட்டு போட்டார்கள். நூறு வயதைத் தாண்டிய ஒருவர், பிரிட்டிஷ் ராஜ்யத்தில் பிறந்து, பாகிஸ்தானைப் பார்த்து, பங்களாதேஷைப் பார்த்து, ஒன்றுக்கும் ஓட்டுப் போடாமல், கடைசியில் இந்தியராக விரலில் மை வைத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் நம் வழக்கமான வேகம். அந்தப் பக்கத்திலிருந்து நம்பி வந்த ஆயிரத்துக்குக் குறைவான பேரை தின்ஹாட்டா, மேக்ளிகஞ்ச், ஹல்திபாரி மூன்று இடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்க வைத்தார்கள். தற்காலிகம்தான், இரண்டு வருடத்தில் வீடு என்றார்கள். இரண்டு வருடம் தாண்டியும் தகரக் கொட்டகைதான். கையில் நிலமும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அந்தப் பக்கம் விட்டுவந்த வயலை விற்கவும் முடியாமல் திணறியவர்கள் பலர். ஒட்டுமொத்த தேசமும் ஒருமனதாகக் கைதட்டி வரவேற்ற ஆயிரம் பேருக்குச் சுவர் வைத்த வீடு கட்ட நமக்கு ஏன் அத்தனை வருடம் என்று எந்த டி.வி.யும் கத்தவில்லை. பத்தாயிரம் ஏக்கருக்குக் கத்தியவர்கள்தான். வாடகை அப்பா பெயரில் படித்துத் தேறியவர்களுக்கும் பிரச்னை. மார்க் ஷீட்டில் ஓர் அப்பா, புது அடையாள அட்டையில் வேறோர் அப்பா. எதைத் திருத்துவது, யாரிடம் திருத்துவது?

2025 நவம்பரில் மேற்கு வங்காளத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அதே சமயம்தான், நாமும் அந்தப் படிவத்தை நிரப்பினோம். அங்கே 2002-ஆம் வருடப் பட்டியல்தான் அடிப்படை. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் அப்பா, அம்மா பெயராவது இருக்க வேண்டும். முன்னாள் சிட்மஹால் ஊர்களில் கவலை பற்றிக்கொண்டது. 2002-ல் அவர்கள் சட்டப்படி வெளிநாட்டவர்கள். பட்டியலில் இருந்திருக்கவே முடியாது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நிஜ அப்பாவும் அதில் இல்லை. அடுத்த கிராமத்து வாடகை அப்பா மட்டும் இருக்கிறார்.